இடது பக்க வளைவு

ஜனவரி 20, திங்கள்

விடியும்போதே தூறல். பால்மா முடிஞ்சுபோச்சு. வெறும் தேத்தண்ணியோட கிளம்பினேன்.

மாரஸ்ஸன தாண்டி ஏறுற கொண்டை ஊசி வளைவுல பைக் மறுபடியும் செத்துப்போச்சு. எஞ்சின், லைட், ஹோர்ன் எல்லாம் ஒரே நொடியில. பின்னால தேயிலைக் கொழுந்து லொறி. ஹோர்ன் அடிக்க வழியில்ல, கை காட்ட நேரமில்ல. லொறி பிரேக் போட்ட சத்தம் இப்ப எழுதும்போதும் காதுல. என் பின் சக்கரத்துக்கும் லொறிக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற இடம்தான் மிச்சம். லொறி டிரைவர் இறங்கி வந்து திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. பைக்கை ஓரத்துக்குத் தள்ளிக் குடுத்துட்டு தண்ணி போத்தலை நீட்டினார்.

ஓரத்துல நேரா நிறுத்தி சாவியைத் திருப்பினேன். நியூட்ரல் பச்சை லைட் எரியுது. ஒரே உதையில ஸ்டார்ட். எதுவுமே நடக்காத மாதிரி.

ஸ்கூல் போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிஞ்சிருந்தது. ஸ்டோர் ரூம்ல காற்சட்டையை மாத்தி சேலை கட்ட வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரம். கொசுவம் கையில நிக்கல.

இதுவரைக்கும் மாத்தினது:
– பிளக்
– கொயில்
– சி.டி.ஐ. பெட்டி
– பெட்டரி (புதுசுதான், அதுவும் இப்ப சாகப்போகுது. காலைல ஹோர்ன் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி)

டவுன்ல இப்ப பைக் பார்க்கிற மெக்கானிக் பாஸ் ஒவ்வொரு தடவையும் எதையாவது மாத்திட்டு, இனி ஹரி, எல்லாம் சரி, போங்கங்கிறார். அவர் கராஜ் வாசல்ல பைக் ராசா மாதிரி ஓடும். கடைசியா சொன்னது: பைக்குக்கு வயசாச்சு, ஸ்கூட்டர் ஒண்ணு எடுங்க, பொம்பளைங்களுக்கு லேசு.

ராத்திரி சாப்பாட்டுல இவர்கிட்ட சொல்லிட்டேன். மறைச்சா வேற யாராவது சொல்லுவாங்க. லொறியைப் பத்திச் சொன்னதும் சோத்துல கை வச்சவர் எழும்பிப் போயிட்டார்.


ஜனவரி 21, செவ்வாய்

பஸ்.

அம்பிட்டியவுல ஏறி தலாத்துஓயாவுல மாறி, ஹேவாஹெட்ட டவுன்ல இறங்கி, தோட்டத்து ரோட்டுல நடை. மேல ஏறும்போதே வேர்த்துப்போச்சு. திரும்பிப் போற பஸ் ஸ்கூல் விட்ட கையோட போயிரும். அதை விட்டா பிறகு எதுவுமில்ல. அப்படின்னா பின்னேர வகுப்பு இல்ல.

ஓ.எல். பரீட்சை மார்ச்சுல. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்ல பாதிப்பேருக்கு இன்னும் சமன்பாட்டுல பக்கம் மாத்தினா அடையாளம் மாறும்கிறதே கையில வரல. பிள்ளைகள் மேல குத்தமில்ல. நான் வர்றதுக்கு முன்னால ஒரு வருசமா கணக்குக்கு ஆளே இல்லாம கிடந்த ஸ்கூல்.

திலகா கேட்டிலேயே நின்னா. நல்லாப் படிக்கிற பிள்ளை. கணக்குல மட்டும் பயம். கணக்கு பாஸாகாட்டி கொழும்புல கடை வேலைக்கு அனுப்புறதுன்னு அப்பா பேசி வச்சிருக்காராம். பைக் சத்தம் கேக்காததால வந்து பார்த்திருக்கா.

"டீச்சர் பஸ்ல வந்தா இன்னைக்கு வகுப்பு இல்லதானே?"

ஆமான்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. கேட்டதும் தப்பில்ல, நான் சொன்னதும் பொய்யில்ல.

வீட்டுல பேச்சு வந்தது. வரும்னு தெரியும். இவர் சொன்னதால போன வருசம் டவுன் பொம்பளைப் பிள்ளைகள் ஸ்கூல் ஒண்ணுக்கு மாத்தல் கேட்டிருந்தேன். இப்ப இடம் காலியாம். சம்மதமா இல்லையான்னு பெப்ரவரி பத்துக்குள்ள கல்வி வலய ஆபீஸ்ல சொல்லணும். வீட்டுல இருந்து நடந்தே போயிரலாம்.

இவர் சத்தம் போடல. சத்தம் போடுற ஆளில்ல. துணிக்கடையில நாள் முழுக்க பொறுமையா பேசிப் பேசி அந்தக் குரல்தான் வீட்டுலயும்.

"ஒண்ணு பைக்க வித்துரு. இல்லாட்டி மாத்தல வாங்கிக்க. பொலிஸ்ல இருந்து இன்னொரு போன் வந்தா என்னால எடுக்க ஏலாது மேகலா."

இவர் தம்பி குமார் போனது பேராதனை ரோட்டுல, பைக்ல. அதுக்குப் பிறகு இவர் எந்த பைக்லயும் ஏறினதில்ல. என் பைக்கைத் துடைச்சுத் தருவார், டயருக்குக் காத்து இருக்கான்னு பார்ப்பார், ஏற மாட்டார். பஸ் இல்லாம, பெட்ரோல் வரிசையில நாடே நின்ன அந்த வருசம் கனடா போன ஸ்டாஃப் ஒருத்தர்கிட்ட இருந்து இதை வாங்கினப்பவும் வேண்டாம்னு சொல்லல. இரண்டு நாள் பேசல, அவ்வளவுதான்.

நான் கேட்டேன்: கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சு, நீங்களே கண்ணால பார்த்து சரின்னு சொன்னா?

பாப்போம்னார். அது போதும்.


ஜனவரி 23, வியாழன்

கெலிஓயா ஃபாரூக் நானாவைப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க. வாகன வயரிங் மட்டும் செய்யிறவர். ஸ்கூல் விட்டு பஸ்ல வந்து, பைக்கை எடுத்துக்கிட்டு அங்க. சமதரை ரோடு. வழி முழுக்க ஒரு இருமல்கூட இல்ல. கோபமா வந்தது.

என் வயசுதான் இருக்கும். ஒரே நேரத்துல மூணு வேலை, காதுல போன், வாயில ஸ்க்ரூ. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டார்.

"ஓடுற பைக்ல நான் என்னத்த தேடுற டீச்சர்? நின்ட நேரம் கொண்டு வாங்க."

அது ஹேவாஹெட்ட மலையில நிக்கும், கெலிஓயாவுல எப்படி நிக்கும்னேன். சிரிச்சார். சிரிச்சதால கொஞ்சம் இறங்கி வந்தார். மீட்டரை பெட்டரியில வச்சு எஞ்சினை முறுக்கச் சொன்னார். ஓடுற எஞ்சின்ல இலக்கம் பதினாலுக்குக் கிட்ட ஏறணுமாம். பன்னிரண்டுலயே உக்கார்ந்திருக்கு. சார்ஜ் ஏறல.

பக்க மூடியைக் கழட்டி வயரைத் தொட்டுத் தொட்டுப் போனார். சார்ஜ் பெட்டிக்குப் போற வயர் பிளக் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கிட்டு இருந்தது. இதுதான் உங்க பேய்னார். வெட்டி எறிஞ்சிட்டு வயரை நேரா சேர்த்தார். மீட்டர் பதினாலு.

எனக்கு அந்த இலக்கம் ஏறுறதைப் பார்க்க ஆசையா இருந்தது. நாலு பாஸ்மார் கையில இந்த பைக் போயிருக்கு. ஒருத்தரும் அளந்து பார்க்கல. யூகிச்சாங்க, மாத்தினாங்க.

வர்ற வழியில கண்டி டவுன்ல ஒரு மீட்டர் வாங்கிட்டேன். சின்னது, மஞ்சள். கடைக்காரர் கேட்டது: "வீட்டுக்கார சேருக்கா?" எனக்குன்னேன். நம்பின மாதிரி தெரியல.


ஜனவரி 25, சனி

வெயில். துணி ரெண்டு கயிறு.

பெட்டரி முனையெல்லாம் பச்சைப் பூஞ்சணம் மாதிரி. சுடுதண்ணி, பழைய பல் பிரஷ். எர்த் வயர் பொருத்துற இடத்துல பெயின்டும் துருவும். உப்புத்தாளால தேய்ச்சு வெள்ளையாக்கினேன். நின்ன நிலையில 12.6. ஓட்டத்துல 14.1. லைட் போட்டாலும் இறங்கல. ஹோர்ன் அடிச்சுப் பார்த்ததுல பக்கத்து வீட்டு நாய் கேட்டுக்கு வந்துருச்சு.

நாத்தனார் போன். பேசி முடிக்கும்போது, அண்ணனை ஏன் இப்படி வருத்தப்படுத்துறீங்க அண்ணின்னு கேட்டா. கோபமா கேக்கல. குமார் அவளுக்கும் அண்ணன்தானே. இவரோட திங்கட்கிழமை வெள்ளைச் சட்டைக்கு நீலம் வேணும்னு போனை வச்சிட்டு கடைக்குப் போயிட்டேன்.

இவர் வந்து மீட்டரை எடுத்துப் பார்த்தார். எந்தக் கம்பி எங்கன்னு கேட்டார். காட்டினேன். 14.1 தானேன்னு திரும்பக் கேட்டார்.


ஜனவரி 28, செவ்வாய்

நேத்தும் இன்னைக்கும் பைக்கில. கோளாறில்ல. நேத்து கனமழை, அப்பவும் நிக்கல. பின்னேர வகுப்பு இரண்டு நாளும். ஒருங்கமை சமன்பாடு. திலகா கரும்பலகையில வந்து தானாச் செய்தா. கடைசி வரியில கூட்டல் பிழை. மத்ததெல்லாம் சரி.

கரட் மலிவா கிடைச்சது. ஹேவாஹெட்டயில கடைக்காரர் சாக்கோடதான் குடுப்பேன்னு நின்னார். பைக்ல சாக்கை எங்க வைக்கிறது.


ஜனவரி 29, புதன்

நின்னுருச்சு.

அதே மலை, கொஞ்சம் மேல. இந்த முறை மழையுமில்ல, லேசான பனிமூட்டம் மட்டும். ஏறிக்கிட்டே திரும்பும்போது சட்டுன்னு எல்லாம் போச்சு. வேகமில்லாததால பைக் சாய்ஞ்சது. பிடிச்சேன், பிடிக்க முடியல. வலது முழங்கால் தார் ரோட்டுல. காற்சட்டை கிழிஞ்சு தோலும் போச்சு. வண்டி எதுவும் வரல. வந்திருந்தா.

மேல இருந்து கொழுந்து பறிக்கப் போற ரெண்டு அக்காமார் ஓடி வந்து தூக்கி விட்டாங்க. ஒருத்தி அவ இடுப்புத் துணியைக் கிழிச்சு முழங்கால்ல கட்டினா. பைக்கை அவங்கதான் நிமிர்த்தினாங்க. நிமிர்த்தினதும் சாவியைத் திருப்பினேன். பச்சை லைட். ஸ்டார்ட்.

கல்லுல உக்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வலியில இல்ல. 14.1 பார்த்தேனே.

பிறகு ஓட்டிக்கிட்டே ஸ்கூல் போனேன். வகுப்பு எடுத்தேன். திரும்பும்போது ஒவ்வொரு வளைவுலயும் ஊர்ந்து.

வீட்டுல சொன்னேன். இவர் டெட்டோல் எடுத்து வந்து காயத்தைக் கழுவினார். கழுவி முடிச்சு, கதிரையைத் தள்ளிட்டு எழும்பி வெளிய போய் நின்னுக்கிட்டார். நான் போய்ப் பக்கத்துல நின்னேன். இன்னும் கண்டுபிடிக்கல, ஆனா கண்டுபிடிப்பேன், அது வரைக்கும் பஸ்லதான் போவேன்னு சொன்னேன். கடைசியா சொன்னதுக்கு மட்டும் தலையாட்டினார்.


ஜனவரி 30, வியாழன்

பஸ். ஜன்னல் சீட்.

முன் சீட்டுல ரெண்டு பேர்: "அவன் கட்டின வீட்டுல அவனே வாடகைக்கு இருக்கான்." "பின்ன, பொண்டாட்டி பேருல எழுதினா?" மிச்சம் கேக்கல.

பிள்ளைகளுக்குச் சொல்றதை எனக்கே சொல்லிக்கிட்டேன். தெரிஞ்சதை முதல்ல எழுது.

மழையிலயும் நின்னது, மழையில்லாமலும் நின்னது. மழையால இல்ல.
சூட்டுலயும் நின்னது, காலைக் குளிர்லயும். சூட்டால இல்ல.
சார்ஜ் இல்லாதப்பவும் நின்னது, இருக்கிறப்பவும். அது வேற கோளாறு, ஃபாரூக் நானா அதைச் சரி பண்ணிட்டார்.
நேரா நிறுத்தினா வருது.

பஸ் மலையேறும்போது, நான் நின்ன இடம் ஒவ்வொண்ணையும் ஜன்னல்ல பார்த்தேன். லொறி வந்த இடம். நேத்து விழுந்த இடம். பொங்கலுக்கு முன்னால நின்ன இடம், கோயில் படிக்குக் கீழ. மூணும் இடது பக்கம் வளையுற கொண்டை ஊசி. ஏறும்போது உள் பக்கம், செங்குத்து, ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடிச்சாத்தான் திரும்ப முடியும்.

வலது வளைவு ஒண்ணுல கூட நின்னதில்ல. கண்டியில, கெலிஓயாவுல அப்படி ஒடிக்கிற இடமே இல்ல. அதனாலதான் கராஜ் வாசல்ல ராசா.

பக்கத்துல இருந்த அம்மா நான் சிரிக்கிறதைப் பார்த்துட்டு பையை மடியில நெருக்கி வச்சுக்கிட்டாங்க.


ஜனவரி 31, வெள்ளி

வந்ததும் முற்றத்துல பைக். சாவி போட்டு, பச்சை லைட்டைப் பார்த்துக்கிட்டே ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடிச்சேன். எரியுது. திரும்ப. எரியுது. ஆட்டினேன், உலுக்கினேன். எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

ஒரு மணி நேரம் இப்படி. இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம்.

பைக்கை நிறுத்தும்போது இத்தனை வருசமா இடது பக்கம் ஒடிச்சுத்தான் பூட்டுறோம். பூட்டும்போது சாவி அணைஞ்சிருக்கும். அந்த நேரம் வயர்ல கரண்ட் அறுந்தாலும் யாருக்குத் தெரியும்?

ஃபாரூக் நானாவுக்கு போன். இடது வளைவுன்னு சொன்னேன். அப்ப ஹேண்டில் கழுத்துப் பக்கம் வயர்னார். ஒரு செம்பு நூல் மிச்சம் இருந்தாலும் அந்தச் சின்ன பச்சை லைட்டு எரியும் டீச்சர், எஞ்சின் ஓடுறதுக்குக் காணாது, அதை நம்பாதீங்கன்னார். சிக்னல் பல்ப் ரெண்டு எடுத்துக் கட்டச் சொன்னார். ஒண்ணு சாவிக்கு முன்னால வர்ற வயர்ல, மத்தது சாவிக்குப் பின்னால போற வயர்ல. அதே மலையில ஓட்டணும். நிக்கும்போது பின்னால உள்ளது மட்டும் அணைஞ்சா சாவி சுவிட்ச் பழுது. ரெண்டும் அணைஞ்சா பெட்டரியில இருந்து வர்ற பெரிய சிவப்பு வயர்.

ஆனா ஓட்டுறவங்க பல்பைப் பார்க்கக் கூடாது, பின்னால ஒரு ஆள் உக்கார்ந்து பார்க்கணும்னு ரெண்டு தடவை சொன்னார்.


பெப்ரவரி 2, ஞாயிறு

ஹெட் லைட்டைக் கழட்டி பல்ப் ரெண்டும் கட்டியாச்சு. டேங்க் மேல கறுப்பு டேப், வெளிச்சம் படாம சுத்தி மட்டை. முதல் தடவை ஒரு வயரைத் தப்பா கட்டி ஃபியூஸ் போச்சு. இரண்டாவது ஃபியூஸ் வாங்கி வச்சது நல்லதாப் போச்சு. இப்ப சாவி போட்டா ரெண்டும் எரியுது, பொட்டு வச்ச மாதிரி.

பின்னால உக்கார ஆள்? சந்தியில திரீவீலர் ஓட்டுற நிமல்கிட்ட கேட்டேன். நோனா, நீங்க ஓட்ட நான் பின்னாலயான்னு வெக்கப்பட்டான். ஸ்கூல் சுகுமார் சேர் ஊருல இல்ல.

இவர் அலுமாரியில சட்டை மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தார். போன்ல பேசினதெல்லாம் கேட்டிருக்கும். திரும்பாமலே சொன்னார்:

"செவ்வாய் லீவுதானே. நானே வர்றேன்."

வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லல. நீங்களே கண்ணால பார்த்துன்னு கேட்டது நான்தானே.

அவர் தலைக்கு ஹெல்மெட் இல்ல. நிமல் தர்றேன்னான்.


பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், லீவு. ரோடெல்லாம் கொடி. வாகனம் குறைவு. விடிஞ்சதும் கிளம்பினோம்.

இவர் ஏறினது இப்படி: பைக்கை ஒரு சுத்து சுத்தி வந்தார். ஹெல்மெட் பட்டியை ரெண்டு தடவை அவிழ்த்துப் போட்டார். பிறகு என் தோளைப் பிடிச்சு ஏறி உக்கார்ந்தார். ஏறின பிறகும் தோளை விடல, இறுக்கிப் பிடிச்சார். ஊர்ந்த மாதிரிதான் போனேன். தலாத்துஓயா தாண்டி பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஒரு இடத்துல, இங்க வயல் இருக்கான்னு ஆச்சரியமா கேட்டார். இத்தனை வருசமா நான் தினம் போற வழி.

மாரஸ்ஸன தாண்டினதும், இனிமே பல்பை மட்டும் பாருங்கன்னேன். முதல் வளைவு, வலது. ரெண்டும் எரியுதுன்னார். அடுத்தது இடது. எரியுது. அடுத்தது, கோயில் படி. எரியுது. இன்னைக்குப் பார்த்து நல்லா ஓடினா என்ன செய்யிறது.

லொறி வந்த வளைவு. பின்னால ஒண்ணும் வரலன்னு அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். ரெண்டாவது கியர், ஹேண்டிலை முழுக்க இடது பக்கம். ஒரு குழியில முன் சக்கரம் இறங்கி ஏறிச்சு.

செத்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கால் ஊன்றினோம். விழல.

"ரெண்டும்," அப்படின்னார். "ரெண்டும் அணைஞ்சுருச்சு மேகலா. ஒரே நேரத்துல."

அவர் குரல்ல பயமில்ல. கண்டுபிடிச்ச குரல்.

ஹேண்டிலை அசைக்காம, ஒடிச்சபடியே ஓரத்துக்குத் தள்ளினோம். பல்ப் ரெண்டும் இருட்டு. அப்ப சாவி நல்லது. சிவப்பு வயர். டேங்க்குக்குக் கீழ இருந்து கழுத்தைச் சுத்தி ஹெட் லைட்டுக்குள்ள போற கட்டு. அந்தக் கட்டை யாரோ ஒரு பாஸ் பிளாஸ்டிக் பட்டியால சட்டத்தோட இறுக்கிக் கட்டியிருந்தார். இடது பக்கம் ஒடிச்சா வயர் விறைச்சு இழுபடுது. பட்டியை வெட்டினேன். வயரைப் பிரிச்சுப் பார்த்தேன். உறையில ஒரு கீறல்கூட இல்ல. பளபளன்னு சிவப்பு. எந்த இடம்னு கண்ணுக்குத் தெரியல. மீட்டர் முள்ளால குத்தி அளக்கலாம், ஆனா எத்தனை இடத்துல குத்துறது?

இவர் குனிஞ்சு, காட்டுன்னார். விரல் ரெண்டுக்கு நடுவுல வயரை வச்சு, கடையில துணிக்கரையை உருட்டிப் பார்க்கிற மாதிரி மெதுவா உருட்டிக்கிட்டே போனார். கண்ணை மூடியிருந்தார். கழுத்து வளையுற இடத்துல விரல் நின்னது.

"இந்த இடம் மெலிசு. உள்ள ஒண்ணுமில்ல."

நான் அந்த இடத்தை மடிச்சேன். பல்ப் எரிஞ்சது. நிமிர்த்தினேன். அணைஞ்சது. மடிச்சேன், எரிஞ்சது. ரெண்டு பேரும் மாறி மாறி மடிச்சுக்கிட்டு இருந்தோம், சின்னப் பிள்ளைகள் மாதிரி. உறையைச் சீவினா உள்ள செம்பெல்லாம் பச்சையா நொறுங்கி, ஒண்ணு ரெண்டு நூல்தான் ஒட்டிக்கிட்டு இருந்தது.

வெட்டி முறுக்கி டேப் சுத்தி, ஊர்ந்து இறங்கினோம். இறங்குறதுக்கு முன்னால அங்கயே ரோட்டோரக் கடையில தேத்தண்ணியும் ரொட்டியும். கடைக்கார அக்கா, டீச்சர் உங்க வீட்டுக்காரரான்னு கேட்டாங்க. ஆமா, இவர்தான் பல்ப் பார்த்தவர்னேன். அந்த அக்காவுக்கு ஒண்ணும் புரியல.

டீயை ஊதிக்கிட்டே குமாரைப் பத்திப் பேசினார். சாவைப் பத்தி இல்ல. குமார் வாங்கின முதல் பைக்குக்கு ஹோர்ன் இல்லாம, வாயாலயே சத்தம் போட்டுக்கிட்டுப் போவானாம். அதைச் செய்து காட்டினார். இதுவரைக்கும் நான் கேட்டதில்ல.


பெப்ரவரி 6, வியாழன்

கெலிஓயா. வெட்டின வயர்த் துண்டை ஃபாரூக் நானாகிட்ட குடுத்தேன். பார்த்துட்டு மேசையில வச்சார். அன்டைக்கு நான் பிளக்கைப் பார்த்ததோட நிப்பாட்டிட்டேன், ஹேண்டிலை ஒரு தரம் திருப்பிப் பார்க்கலன்னார். அதோட விட்டார், நானும் விட்டேன். ரெண்டும் உண்மையான கோளாறுதான்.

புது வயர், தடிப்பா. கழுத்துல கொஞ்சம் தளர்வா விட்டு, ஈயம் வச்சு, மேல ரப்பர் குழாய். ரெண்டு பக்கமும் முழுக்க ஒடிச்சு, இழுபடுதான்னு நானே தொட்டுப் பார்த்தேன். இல்ல.

வர்றப்ப நாத்தனார் ராணியோட ரவிக்கை தையல்காரர்கிட்ட இருந்து எடுக்க மறந்துட்டேன். நாளைக்கு.


பெப்ரவரி 7, வெள்ளி

பைக். மூணு இடது வளைவும். ஒவ்வொண்ணுலயும் மூச்சைப் பிடிச்சேன். மூணாவதுல பிடிக்க மறந்துட்டேன்.

பின்னேர வகுப்பு. காலையிலேயே பைக் சத்தம் கேட்டு பிள்ளைகள் கேட்டுக்கு வந்து நின்னாங்க. திலகா வாசல்லயே கொப்பியை நீட்டினா. நான் இல்லாத நாட்கள்ல பழைய வினாத்தாள் தானா செய்து வச்சிருக்கா. நிறையப் பிழை. ஆனா ஒரு இடமும் வெறுமையா விடல.


பெப்ரவரி 10, திங்கள்

இடைவிடாத மழை. ஜீன்ஸ் காலோட ஒட்டிப்போச்சு. மலையில பைக் நிக்கல.

இடைவேளையில வலயத்துக்கு போன் பண்ணினேன். பரீட்சை முடிஞ்சு ஏப்ரல்ல வரலாமான்னு கேட்டுப் பார்த்தேன். முடியாதாம், இப்பவே ஆள் வேணுமாம். அப்ப வேண்டாம்னேன். அந்த கிளார்க் நல்ல மனுசன்.

"யோசிச்சுச் சொல்லுங்க டீச்சர். டவுன்ல இனி எப்ப இடம் வரும்னு சொல்ல ஏலாது."

யோசிச்சுட்டேன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொல்ல வேண்டி இருந்தது. போனை வச்ச பிறகு கொஞ்சம் வெறுமையா இருந்தது, அதையும் எழுதி வைக்கணும். நடந்து போற தூரத்துல ஒரு ஸ்கூல். இந்த முழங்கால் இன்னும் பத்து வருசத்துல என்ன சொல்லுமோ. பிறகு மணி அடிச்சது, பதினோராம் வகுப்புக்குப் போனேன். வட்டத்தின் தொடுகோடு.

வீட்டுல இவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஈர மழைக்கோட்டைக் கொடியில விரிச்சுக்கிட்டு இருந்தார். அது உன் முடிவுதான்னார். சந்தோசமான்னு கேட்டேன். சந்தோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த லொறி வளைவுல இனி நிக்காதுன்னு எனக்குத் தெரியும், என் விரலால தொட்டேனேன்னார்.

பிறகு வாசல்ல நின்னு பைக்கைப் பார்த்துக்கிட்டே, நீ சந்தியில திரும்பும்போது பார்த்தேன், பின் பிரேக் லைட் எரியலன்னார்.

எரியல. போய் மிதிச்சுப் பார்த்தேன். பல்ப் நல்லது. அப்ப மிதி சுவிட்ச், இல்லாட்டி அங்க இருந்து வர்ற வயர். இவர் டோர்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், மீட்டர் கேக்கிறார். போறேன்.